ஆரஞ்சு கலர்ல மண்ணு தோண்டுற குளவி: உங்க கேள்விகளுக்கு என் பதில்கள்

கேள்வி: அக்கா, நியூ ஜெர்சில இருக்கோம். பின்பக்கம் செங்கல் பாதையோரமா மண்ணுல நாலஞ்சு ஓட்டை, பாதி ஆரஞ்சு பாதி கருப்புல பெரிய குளவிங்க போய்ட்டு வருதுங்க. சின்னப் பசங்க விளையாடுற இடம், மருந்து அடிச்சிரலாமா?

பதில்: அடிக்காதீங்கம்மா, ப்ளீஸ். வயித்துல முன்பாதியும் காலும் ஆரஞ்சு, வால் பக்கம் கருப்பு, தலையிலயும் முதுகுலயும் வெயில் பட்டா தங்கப்பொடி தூவின மாதிரி முடி, இடுப்பு நூலாட்டம், இவ்வளவும் இருந்தா அது ஸ்ஃபெக்ஸ் இக்னியூமோனியஸ், அங்க கிரேட் கோல்டன் டிக்கர் வாஸ்ப்னு சொல்வாங்க. இது கூட்டுக்குளவி இல்ல, ஒவ்வொரு பொண்ணும் தனக்குன்னு தனியா தோண்டும், நாலஞ்சு ஓட்டை இருக்குன்னா மண்ணு நல்லா இருக்குன்னு நாலஞ்சு பேர் வந்திருக்காங்க அவ்வளவுதான். கூட்டைக் காக்குற படை கிடையாது, அதனால துரத்தி வந்து கொட்டாது, கையில பிடிச்சு நசுக்கினாதான் கொட்டும். ஆணுக்குக் கொடுக்கே இல்ல.

கேள்வி: எங்க வீட்ல வர்றது முழுக்க கருப்பு, சிறகு மட்டும் நீலமா மின்னுது.

பதில்: அது இதோட சொந்தக்காரி, ஸ்ஃபெக்ஸ் பென்சில்வானிகஸ். பிலடெல்ஃபியாவுல இருந்த ஜான் பார்ட்ரம்னு ஒரு தாவரவியலாளர் இதை உக்காந்து பார்த்து எழுதினது 1749லயே லண்டன் ராயல் சொசைட்டிங்கிற அறிவியல் சங்கத்துல வாசிச்சிருக்காங்க. உடம்பே பளபளன்னு உலோக நீலமா இருந்தா மட்டும் வேற, அது சுவர்க்கோழி பிடிக்கிற க்ளோரியான் ஏரேரியமா இருக்கலாம்.

கேள்வி: டொராண்டோ பக்கம். நாலு சென்டிமீட்டர் இருக்கும், வயித்துல மஞ்சப் பட்டை. நியூஸ்ல வந்த மர்டர் ஹார்னெட்டா இது?

பதில்: பயப்படாதீங்க ப்ரோ, அது சில்வண்டு பிடிக்கிற சிகேடா கில்லர், இதுவும் தனியா மண்ணு தோண்டுறதுதான். அந்த ஹார்னெட், ஆசியாவுல இருந்து வந்த பெரிய குளவி, 2019ல கண்டம் அந்தப் பக்கம், வாஷிங்டன் மாநிலத்துலயும் பிரிட்டிஷ் கொலம்பியாவுலயும் கிடைச்சது, 2024 டிசம்பர்ல அமெரிக்காவுல ஒழிஞ்சிடுச்சுன்னே அறிவிச்சிட்டாங்க. இதனாலதான் நான் போட்டோவுக்கு முன்னாடி எந்த ஊருன்னு கேக்குறேன், கலரை மட்டும் பார்த்தா தப்பாத்தான் போகும்.

கேள்வி: மதுரைல அதே மாதிரி ஒண்ணு பார்த்தேன், ஆப்ல போட்டா கிரேட் கோல்டன்னு பேர் காட்டுது.

பதில்: இருக்காது தம்பி. அது தெற்கு கனடாவுல ஆரம்பிச்சு அமெரிக்கா, மெக்சிகோ வழியா தென் அமெரிக்கா வரைக்கும், அந்தப் பக்கத்தோட சரி. ஸ்ஃபெக்ஸ் பேரினத்துல உலகம் பூரா நூறு இனத்துக்கு மேல இருக்கு, நம்ம ஊர்லயும் இருக்கு, நீங்க பார்த்தது அதுல ஒண்ணா இருக்கலாம். ஆப்ல இடத்தைச் சேர்த்துப் போட்டு திரும்பத் தேடுங்க. சுவத்துல மண்ணுருண்டை கட்டுதுன்னா அது இந்த ஜாதியே இல்ல, சிலந்தி பிடிச்சு அடைக்கிற மண்குளவியா இருக்கலாம். அதுல ஒரு இனத்துக்கு நம்ம மெட்ராஸ் பேரையே வெச்சிருக்காங்க, ஸ்கெலிஃப்ரான் மெட்ராஸ்பட்டானம்.

கேள்வி: குளவி கொட்டிக் கொட்டிப் புழு குளவியா மாறும்னு எங்க ஆச்சி சொல்லும். உண்மையா அக்கா?

பதில்: ஆச்சி பார்த்தது உண்மை, உள்ள நடந்ததுதான் வேற. அடைச்சு வெச்சது புழு, வெளிய வந்தது குளவி, நடுவுல முட்டை இருந்தது யார் கண்ணுக்கும் தெரியல. தங்கக் குளவியும் இதேதான் செய்யுது, ஆனா புழுவுக்குப் பதிலா மீசை நீளமான பச்சை வெட்டுக்கிளி. கொட்டி அசையாம ஆக்கிடும், சாகடிக்காது, செத்தா அழுகிடும்ல. மீசையைக் கவ்வி இழுத்துட்டு வந்து வாசல்ல வெச்சிட்டு, உள்ள போய் ஒரு தடவை பார்த்துட்டு வந்துதான் உள்ள இழுக்கும். பிரான்ஸ்ல ஃபாப்ர்னு ஒருத்தர், அங்க இருக்கிற வேற ஸ்ஃபெக்ஸ் இனத்துல, அது உள்ள போன நேரம் இரையைக் கொஞ்சம் நகர்த்தி வெச்சாரு, அது திரும்ப வாசலுக்கு இழுத்துட்டு வந்து திரும்ப உள்ள போய்ப் பார்த்துச்சு, இப்படி நாப்பது தடவை. இதை வெச்சு குளவி வெறும் மெஷின்னு நிறைய பேர் எழுதிட்டாங்க. ஆனா வேற இடத்துல இருந்த குளவிங்க ரெண்டு மூணு தடவையிலயே உஷாராகி நேரா உள்ள இழுத்துட்டுப் போயிடுச்சுன்னும் அவரே எழுதியிருக்காரு, அதை யாரும் சொல்றதில்ல, எனக்கு அது பெரிய வருத்தம்.

கேள்வி: ஒரே ஓட்டைக்கு ரெண்டு குளவி சண்டை போடுமா? நேத்து பார்த்த மாதிரி இருந்துச்சு.

பதில்: போடும். ஒண்ணு தோண்டினதுல இன்னொண்ணு தெரியாம குடிவந்துரும். ஜேன் ப்ராக்மன், ரிச்சர்ட் டாகின்ஸ்னு ரெண்டு உயிரியல் ஆய்வாளர்கள் 1980ல இதே தங்கக் குளவியைப் பத்தி எழுதினாங்க, உள்ள மொத்தம் எத்தனை வெட்டுக்கிளி கிடக்குன்னு பார்த்து அது சண்டை போடல, தான் எத்தனை கொண்டு வந்துச்சோ அதுக்கு ஏத்த மாதிரிதான் விடாம நிக்குதுன்னு.

கேள்வி: நியூ ஜெர்சிதான் திரும்ப. மருந்து அடிக்கல அக்கா. ஆனா அந்த இடத்துல புல்லு வெட்டலாமா?

பதில்: தாராளமா வெட்டுங்க. கொத்த மட்டும் வேண்டாம், கோடை முடிஞ்சதும் பெருசுங்க போயிடும், குஞ்சுங்க அடுத்த கோடை வரைக்கும் அங்கதான் கீழ இருக்கும்.