தள்ளிக்கொண்டு வரும் தூரம்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 29. பினாங்கின் பெருநிலப் பக்கம் உள்ள பிறையில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சொந்தமாகப் பட்டறை திறக்க 42,000 ரிங்கிட் சேர்த்திருக்கிறேன். மூன்று இடங்கள் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது பினாங்குத் தீவில், பாயான் பாருவில் பெரிய சாலையைப் பார்த்த கடை. மாத வாடகை 3,200 ரிங்கிட். இரண்டாவது பிறையில் ஒரு தாமானுக்குள், அதாவது குடியிருப்புப் பகுதிக்குள், இரண்டாம் வரிசைக் கடை; வாடகை 1,400 ரிங்கிட். மூன்றாவது எங்கள் தரை வீட்டின் முன்புறம், வாடகையே இல்லை. எஞ்சின் எண்ணெய் மாற்றிக் கொடுத்தால் கையில் நிற்பது பத்து ரிங்கிட்தான். பாயான் பாருவில் தொழிற்சாலைகள் அதிகம், அங்கேயே போகலாம் என்கிறார் மனைவி. தை முதல் தேதிக்குள் கடையைத் திறந்துவிட வேண்டும் என்கிறார் அம்மா. இரண்டாவது கடையிலிருந்து என் முதலாளியின் பட்டறை ஐந்து நிமிட நடைதான். எதை எடுப்பது?
- பெயர் வேண்டாம், பிறை

பதில்: தம்பி, என் கணவர் பட்டர்வொர்த்தில் 22 ஆண்டுகள் மோட்டார் பட்டறை நடத்தினார். கணக்குப் புத்தகம் என் கையில் இருந்தது. அதனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு எங்கள் முதல் கடைதான் நினைவுக்கு வந்தது. பெரிய சாலை ஓரம், எல்லோர் கண்ணிலும் படும் இடம். திறந்த நான்காவது மாதம் சாலையின் நடுவே தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறவர்கள் வெகுதூரம் போய் வளைந்து வர வேண்டியதாயிற்று. ஓடுகிற மோட்டார் என்றால் வளைந்து வரலாம். நின்றுபோன மோட்டாரை அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு யார் வருவார்கள்? பதினான்கு மாதம் தாக்குப்பிடித்தோம். பிறகு அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால், சாலையிலிருந்து பார்த்தால் பெயர்ப்பலகைகூடத் தெரியாத ஒரு கடைக்கு மாறினோம். அந்தக் கடைதான் எங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தது.

பட்டறையும் சாப்பாட்டுக் கடையும் ஒன்றல்ல. நல்ல சாப்பாட்டைத் தேடி ஊர் தாண்டிப் போவார்கள். மோட்டார் பட்டறையைத் தேடி யாரும் போவதில்லை. டயரில் காற்று இறங்கிய இடத்திலிருந்து எது பக்கமோ அங்கே தள்ளிக்கொண்டு வருகிறார்கள். எண்ணெய் மாற்ற வருகிறவரும் மோட்டாரை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து போய்த் திரும்ப முடிகிற இடத்தைத்தான் விரும்புவார். ஒரு பட்டறையின் எல்லை என்பது ஒரு மனிதன் வியர்க்க வியர்க்க மோட்டாரைத் தள்ளக்கூடிய தூரம். அந்த வட்டத்துக்குள் எத்தனை மோட்டார்கள் இரவு தங்குகின்றன என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இதை வைத்து பாயான் பாருவைப் பாருங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-லிருந்து இருக்கிறது. அங்கே ஆயிரக்கணக்கான மோட்டார்கள் நிற்கின்றன என்பதும் உண்மை. ஆனால் அவை தொழிற்சாலை வேலிக்குள் நிற்கின்றன. சொந்தக்காரர் ஷிப்ட் முடியும்வரை வெளியே வர முடியாது. முடிந்ததும் வீட்டுக்குத்தான் விரைவார். அவர்களில் எத்தனையோ பேர் உங்களைப் போலப் பெருநிலத்தில் குடியிருப்பவர்கள். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பினாங்குப் பாலத்தில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து மோட்டார்களுக்குச் சுங்கம் இல்லை. ஆகவே காலையில் தீவுக்குப் போய் மாலையில் பிறைக்கோ பட்டர்வொர்த்துக்கோ திரும்புவது எளிதாகிவிட்டது. அந்த மோட்டார்களின் செயினும் பிரேக் கட்டையும் தேய்வது பாலத்தின் மேல். அவற்றை மாற்றும் நேரம் ஞாயிற்றுக்கிழமை காலை, இடம் வீட்டுப் பக்கம். உங்கள் மனைவி சொல்லும் வாடிக்கையாளர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் கரையின் இந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் தினமும் 13.5 கிலோமீட்டர் பாலத்தைக் கடந்து, மழையில் நனைந்து, அங்கே போய் அவர்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

வாடகையையும் பார்த்துவிடுவோம். நீங்கள் சொன்ன பத்து ரிங்கிட்டை வைத்தே கணக்குப் போடுகிறேன். 3,200 ரிங்கிட் வாடகைக்கு மாதம் 320 எண்ணெய் மாற்றம். 26 நாள் வேலை என்றால் நாளுக்குப் பன்னிரண்டுக்கு மேல், அதுவும் வாடகைக்கு மட்டும். மின்சாரம், உதவிக்கு ஒரு பையன், உங்கள் வீட்டுச் சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். 1,400 ரிங்கிட் என்றால் நாளுக்கு ஐந்தாறு போதும். நுழையும்போது இரண்டு மாத வைப்புத்தொகை, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று மூன்றரை மாதப் பணத்தை எடுத்து வைக்க வேண்டியிருக்கும். பாயான் பாருவில் அது 11,200 ரிங்கிட், பிறையில் 4,900. மீதிப் பணம்தான் காற்றழுத்த இயந்திரமாகவும், மோட்டாரைத் தூக்கும் மேசையாகவும், அலமாரியில் அடுக்கும் டயர்களாகவும் மாற வேண்டும். முதல் ஆறு மாதம் பெட்டியில் பணம் விழாவிட்டாலும் குடும்பம் நடக்க வேண்டும். இந்தக் கணக்கை மனைவியோடு உட்கார்ந்து போடுங்கள்.

வீட்டு முன்புறம் வேண்டாம். குடியிருப்பு நிலத்தில் பட்டறைக்கு மாநகர் மன்றத்தின் உரிமம் கிடைப்பது கடினம். உரிமத்தை விடுங்கள், இரவு எட்டு மணிக்கு எஞ்சினை முறுக்கிப் பார்க்கும் சத்தத்தை அண்டை வீட்டுக் குழந்தைகள் ஏன் தாங்க வேண்டும்?

இனி அந்த இரண்டாம் வரிசைக் கடை. இப்படிப்பட்ட இடம்தான் உங்களுக்குச் சரி என்று நினைக்கிறேன். ஆனால் அந்தக் கடை வேண்டாம்.

உங்கள் முதலாளியைப் பற்றிக் கடிதத்தின் கடைசியில் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி உங்கள் மனதை அரிக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. அரிக்க வேண்டும், தம்பி. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாமல் வந்த இருபது வயதுப் பையனுக்கு அவர் தொழிலைக் கைபிடித்துக் கொடுத்திருக்கிறார். ஐந்து நிமிட நடை என்றால் அவருடைய வட்டமும் உங்களுடையதும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. அவரிடம் வரும் மோட்டார்கள்தான் உங்களிடமும் வரும். வருகிறவர்கள் உங்கள் முகத்தைப் பழகியவர்கள். அவர் கடையில் பழகியவர்கள். வாடிக்கையாளரைக் கூப்பிடவில்லை, தானாக வந்தார்கள் என்று நீங்கள் சொல்லலாம். அது உண்மையாகவே இருந்தாலும், தினமும் அவர் கடையைக் கடந்து போகும்போது தலை குனிய வேண்டியிருக்கும். பணக் கணக்கிலும் அது நல்லதல்ல: ஒரே வட்டத்தை இரண்டு பட்டறைகள் பங்குபோட்டால் இரண்டும் மெலியும்.

அவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். வேறு யார் வாயாலும் அவர் கேட்கக் கூடாது. பழம், வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு, கடை மூடும் நேரத்தில் போங்கள். எந்தப் பக்கம் திறந்தால் நல்லது என்று அவரையே கேளுங்கள். ஒன்பது ஆண்டு அந்த வட்டாரத்தைப் பார்த்த உங்களுக்குத் தெரியாதது, அதற்கு முன்பிருந்தே பார்த்து வருகிற அவருக்குத் தெரியும். எங்கள் கடையில் வேலை கற்ற இரண்டு பேர் இப்படிச் சொல்லிவிட்டுப் போனார்கள். கைக்கு வேலை அதிகமான நாள்களில் என் கணவர் வாடிக்கையாளர்களை அவர்களிடம்தான் அனுப்பினார். சொல்லாமல் போன ஒருவரும் உண்டு. அவர் பெயரை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

பிறகு தேடுங்கள். செபராங் ஜெயா, தாமான் சாய் லெங், பாகான் டாலாம், மாக் மண்டின் என்று அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கும் பக்கங்களுக்குப் போங்கள். இரவு பத்து மணிக்குப் போக வேண்டும். கட்டடங்களுக்குக் கீழே வரிசையாக நிற்கும் மோட்டார்களை எண்ணுங்கள். எந்த வகை என்றும் குறித்துக்கொள்ளுங்கள்: பழைய ஈஎக்ஸ்5, கிரிஸ் போன்ற கப்சாய்கள் (சிறிய மோட்டார்கள்) அதிகமா, ஒய்15 போன்ற இளைஞர்களின் வண்டிகளா? முதல் வகை அடிக்கடி வரும், சிறு வேலை தரும். இரண்டாவது வகைக்கு விலை கூடிய உதிரிபாகங்களை வாங்கி வைக்க வேண்டும், பணம் முடங்கும். மாலை ஏழு மணிக்கு ஒருமுறை போய், வேலையிலிருந்து திரும்பும் மோட்டார்கள் எந்தப் பக்கமாக உள்ளே நுழைகின்றன என்று பாருங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். வீடு திரும்பும் வழியில் இடப்பக்கம் இருக்கும் கடைக்கு நின்று பேசிவிட்டுப் போவது சுலபம். பதினான்கு நாள் இப்படிச் செய்யுங்கள், நோட்டில் எழுதுங்கள்.

கடை கண்ணில் பட்டதும் முன்பணம் நீட்டாதீர்கள். அந்த முகவரியில் மோட்டார் பட்டறைக்கு அனுமதி உண்டா என்று முதலில் செபராங் பிறை மாநகர் மன்றத்தில் கேளுங்கள். துணிக்கடைக்கு உரிமம் தந்த இடம் என்பதால் பட்டறைக்கும் தருவார்கள் என்று நினைக்க வேண்டாம். உரிமம் மறுக்கப்பட்டால் வைப்புத்தொகை திரும்ப வேண்டும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டுக்குப் பின் வாடகை எவ்வளவு ஏறலாம் என்பதையும் எழுதுங்கள். பட்டறை பேர் எடுத்த பிறகு இடம் மாறுவது போல வேதனை வேறில்லை.

கடைக்குள் நுழைந்ததும் தரையைப் பாருங்கள். பளபளக்கும் ஓடு பதித்த தரையில் எண்ணெய் சிந்தினால் காலும் வழுக்கும், மோட்டாரும் சாயும். சுவரில் தண்ணீர் நின்ற கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் வந்த வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அன்று தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். பிறர் மோட்டார் உங்கள் கடையில் மூழ்கி, எஞ்சின் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்துக்கு வந்துவிட்டால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பின்புறம் பீப்பாய் வைக்க மூடிய இடமும் வேண்டும். கழிவு எண்ணெய், 2005-ஆம் ஆண்டின் திட்டமிடப்பட்ட கழிவு விதிகளில் எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணின் கீழ் வருகிறது. அதை 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. உரிமம் பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். கால்வாயில் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கால்வாய் போய்ச் சேர்வது நம் மீனவர்கள் வலை வீசும் கடலில்.

ஐந்தடி நடைபாதையில் மோட்டாரை நிறுத்தி வேலை செய்யும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். வேலை நடக்கும் இடம் முழுவதும் கடைக்குள்ளேயே அடங்க வேண்டும். அதற்கேற்ற அகலம் இல்லாத கடையை வாடகை குறைவு என்று எடுக்காதீர்கள்.

பணம் போதாவிட்டால் வட்டிக்காரரிடம் போக வேண்டாம். சிறுதொழில் செய்கிறவர்களுக்குக் கடன் கொடுக்கும் அரசின் தெக்குன் நிறுவனத்தில் இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்பூமி கடன் திட்டம் இருக்கிறது. அதற்கும் தொழிலை முறையாகப் பதிந்திருக்க வேண்டும். நிறுவனங்கள் ஆணையத்தில் வணிகப் பெயருக்கு ஆண்டுக்கு 60 ரிங்கிட்தான்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: தை முதல் தேதிக்குள் முடியாது, ஆனால் தை முழுவதும் நல்ல நாள்கள் உண்டு, மாசியிலும் உண்டு. உரிமம் கையில் வந்த பிறகு அவரே நாள் பார்க்கட்டும். பதினான்கு நாள் எண்ணிய நோட்டின் கணக்கை, பார்த்த கடைகளின் வாடகையோடு, எனக்கு எழுதி அனுப்புங்கள். உங்கள் முதலாளி என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.