படர்தாமரைக்குப் பூசுவது எந்தக் களிம்பு?

கேள்வி: தொடை இடுக்கில் 6 மாதமாகப் படர்தாமரை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய களிம்பைப் பூசினால் 3 நாளில் அடங்குகிறது. விட்டால் முன்பைவிடப் பெரிதாக வருகிறது. ஏன்?
– வாசகர், ஈரோடு

பதில்: டியூப்பில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் அடக்கும். படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையை எதிர்க்கும் தோலின் சக்தியையும் சேர்த்தே அடக்கிவிடும். அந்த இடத்துத் தோல் மெல்லியது, மாதக்கணக்கில் பூசினால் அழியாத வரித் தழும்பு விழும். இன்றே நிறுத்துங்கள். சில நாள் அரிப்பு கூடத்தான் செய்யும். அப்போது பலரும் பழைய டியூப்பையே தேடி எடுப்பார்கள், நீங்கள் எடுக்காதீர்கள்.

பூஞ்சைக்கு மட்டுமான கிரீம் போதும்: லூலிகோனசோல் 1% தினம் ஒரு வேளை, அல்லது குளோட்ரிமசோல் 1% காலையும் இரவும். குளித்து, ஈரத்தை ஒற்றி எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பூசுங்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது காணும். பூஞ்சை தீவிரமாக இருப்பது வளையத்தின் ஓரத்தில்தான், நடுவில் அல்ல. அதனால் ஓரத்துக்கு வெளியே 2 செ.மீ. நல்ல தோலிலிருந்து தொடங்கி உள்நோக்கித் தடவுங்கள். தடம் மறைந்தபின்னும் 2 வாரம் தொடர வேண்டும்.

அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். வியர்வையில் ஊறிய கயிற்றில் பூஞ்சை தங்கி, ஆறிய இடத்தில் மறுபடி ஒட்டும். உள்ளாடை, துண்டு, லுங்கியை வெந்நீரில் தனியாகத் துவைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி வெயிலில் காயப்போடுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களுக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்றிச் சுற்றி உங்களுக்கே வரும்.

6 மாதம் ஆகிவிட்டதால் தோல் மருத்துவரை அவசியம் பாருங்கள். ஓரத்தைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். இப்போது நம் நாட்டில் பரவியிருக்கும் பூஞ்சை வகை பலருக்கு டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்குக் கட்டுப்படுவதில்லை. இட்ராகோனசோல் மாத்திரை தேவைப்படலாம். இதய, கல்லீரல் தொல்லை இருந்தாலோ வேறு மாத்திரை சாப்பிட்டாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். சர்க்கரையும் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: பூண்டு அரைத்துப் பூசலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம். பச்சைப் பூண்டு தோலை வேகவைத்துக் கொப்புளம் எழுப்பும். புண்ணாகிவிட்டால் கிரீம்கூடப் பூச முடியாது.