பிக் கேமுக்குச் சிவப்புச் சட்டை வேண்டாம்

ஐயா, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளோடு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு எதிரான ‘பிக் கேம்’ என்னும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தைக் காணச் செல்வதாகவும், சிவப்புச் சட்டை அணியலாமா, காரை எங்கே நிறுத்துவது என்றும் கேட்டிருந்தீர்கள். சிவப்பு ஸ்டான்ஃபோர்டின் நிறம் என்பதால், நீலமும் பொன்னிறமுமாக நிறைந்திருக்கும் பெர்க்லி ரசிகர்கள் நடுவே சங்கடப்படப்போவது நீங்களல்ல, உங்கள் மகள்தான். காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, பார்ட் ரயிலில் டவுன்டவுன் பெர்க்லியில் இறங்கி பெர்க்லி மைதானத்துக்கு மேட்டில் ஏறி நடப்பதே உத்தமம். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளில் பத்து கெஜம் முன்னேற வேண்டும் என்ற விதி தெரிந்தால் இப்போதைக்குப் போதும். வென்ற அணிக்குக் கோடரிதான் கோப்பை என்பதால், கடைசி நொடிக்கு முன் எழுந்துவிடாதீர்கள்; 1982-இல் நான்கே நொடிகள் மீதமிருந்தபோது, பந்தை ஐந்து முறை கைமாற்றி, முடிந்துவிட்டதென்று களத்துக்குள் புகுந்த ஸ்டான்ஃபோர்டு இசைக்குழுவின் ஊடாகவே ஓடி, பெர்க்லி அணி 25-20 என வென்றது இதே மைதானத்தில்தான்.