தடை அவர் பக்கம் இல்லை

கேள்வி: நான் சைவம், வயது 34. கோயிலில் தாலி கட்டி, எழுத்தும் (விவாகப் பதிவும்) வைத்த என் முதல் கலியாணம் விவாகரத்தில் முடிந்தது. நான் இப்போது மணக்க இருப்பவர் கத்தோலிக்கர். அவர் முன்பு ஒரு சைவப் பெண்ணை எழுத்தோடு மட்டும் மணந்து, விவாகரத்துப் பெற்றவர். ஒரு பிள்ளை உண்டு. “அவருக்கு இனிச் சேர்ச்சில் கலியாணம் இல்லை” என்கிறார்கள் அவர் வீட்டார். எங்கள் வீட்டாருக்கோ கோயிலில் தாலி கட்ட வேண்டும். வழி உண்டா? – வாசகி, யாழ்ப்பாணம்.

பதில்: வழி உண்டு, சகோதரி. ஆனால் சிக்கல் அவருடைய பழைய கலியாணத்தில் இல்லை, உங்களுடையதில் இருக்கிறது.

கத்தோலிக்கர் ஒருவரின் கலியாணம் குருவானவர் முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் நடக்க வேண்டும். ஆயரின் விலக்கு (விதிவிலக்கு அனுமதி) இல்லாமல் எழுத்து மட்டும் வைத்தால் திருச்சபைக்கு அது செல்லாது. ஆகவே அவருக்கு நீண்ட விசாரணை தேவையில்லை. புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ், பழைய விவாகப் பதிவுப் பிரதி, விவாகரத்துத் தீர்ப்பு, பிறகும் சேர்ச்சில் அந்தக் கலியாணம் நடக்கவில்லை என்று சொல்லச் சாட்சிகள்: இவற்றைப் பங்குத் தந்தை வழியாக ஆயர் இல்லத்துக்குக் கொடுக்க வேண்டும். பிள்ளைக்கான பராமரிப்பை ஒழுங்காகக் கொடுக்கிறாரா என்றும் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும்.

உங்கள் கதை வேறு. ஞானஸ்நானம் பெறாத இருவர் மனமொத்துச் செய்த கலியாணத்தைத் திருச்சபை உண்மையான கலியாணமாகவே மதிக்கிறது. நீதிமன்றத்தின் விவாகரத்து அதை முறிக்காது என்பது அதன் நிலைப்பாடு. உங்களுக்கு இது வலிக்கும்; ஆனாலும் சைவக் கலியாணத்தை அது குறைவாக எண்ணவில்லை என்பதும் இதில் இருக்கிறது.

இங்கே மூன்று வாசல்கள் உண்டு. கட்டாயப்படுத்தியோ முக்கியமான உண்மையை மறைத்தோ அந்தக் கலியாணம் நடந்திருந்தால், அது தொடக்கத்திலேயே செல்லாதது என்று திருச்சபையின் திருமணத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். நீங்கள் மனதார ஞானஸ்நானம் பெற விரும்பினால் ‘பவுல் சலுகை’ என்ற திருச்சபை விதி உண்டு. அதில் முன்னாள் கணவரிடம், அவரும் ஞானஸ்நானம் பெற விரும்புகிறாரா, இல்லையென்றால் உங்களோடு சமாதானமாக வாழச் சம்மதமா என்று முறைப்படி கேட்பார்கள். இரண்டுக்கும் மறுத்தால் நீங்கள் மறுமணம் செய்யலாம். கலியாணத்துக்காக மட்டும் சமயம் மாறாதீர்கள். அந்த மனக்கசப்பு பிறகு வீட்டுக்குள்ளேயே வரும்.

நீங்கள் சைவராகவே இருக்க விரும்பினால் மூன்றாவது வாசல்தான்: பழைய கலியாணப் பந்தத்தை அவிழ்க்கும்படி, ஆயர் வழியாக உரோமுக்கு, பாப்பரசரிடம் விண்ணப்பம். முதல் கலியாணம் முறிந்ததற்கு முக்கிய காரணம் நீங்களாகவோ இப்போது மணக்க இருப்பவராகவோ இருக்கக் கூடாது; மீண்டும் சேர்ந்து வாழ வழியில்லை என்றும் தெரிய வேண்டும். நீங்கள், முன்னாள் கணவர் இருவரில் ஒருவராவது ஞானஸ்நானம் பெற்றிருக்கவில்லை என்பதைப் பெற்றோர், சகோதரர் போன்றவர்களின் சாட்சியத்தால் நிறுவ வேண்டும். அம்மா அப்பாவை இப்போதே ஆயத்தப்படுத்துங்கள்.

இது சரிவந்தால், சைவரை மணக்க ஆயரிடம் அவர் தனியாக விலக்குப் பெற வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வேன் என்று அவர் வாக்குக் கொடுப்பார். அது உங்களுக்கும் தெரிவிக்கப்படும். இதை இருவரும் முன்கூட்டியே மனம் திறந்து பேசிவிடுங்கள்.

தாலி தடையில்லை, சேர்ச்சிலேயே ஆசீர்வதித்துக் கட்டலாம். ஆனால் அதே கலியாணத்தைக் கோயிலில் இன்னொரு முறை நடத்தித் திரும்பச் சம்மதம் கொடுப்பதைத் திருச்சபைச் சட்டம் அனுமதிக்காது. கலியாணத்துக்குப் பிறகு நல்லூருக்குப் போய் அர்ச்சனை செய்து கும்பிடுவது வேறு விஷயம். சைவத்தில் மறுமணத்துக்கு அனுமதி கேட்டுப் போக ஒரு தீர்ப்பாயம் இல்லை. உங்கள் பக்கத்தில் கேள்வி உறவுக்காரரின் மனம் மட்டுமே.

இன்னொன்று. மாவட்ட நீதிமன்றம் முதலில் தருவது இடைக்காலத் தீர்ப்பு. குறைந்தது மூன்று மாதம் கழித்தே அது முடிவானதாகும். தீர்ப்பு முடிவானதாகும் முன் எழுத்து வைத்தால் சட்டப்படி அந்தக் கலியாணமே செல்லாது. இருவரின் முடிவான தீர்ப்புகளின் உறுதிப்படுத்திய பிரதிகளோடும் பங்குத் தந்தையைப் பாருங்கள். ஆயர் இல்லத்தின் அனுமதி எழுத்தில் வரும்வரை மண்டபத்துக்கு முற்பணம் கட்ட வேண்டாம்.