கஞ்சமலை: ஒரே பாறையில் ஸ்ட்ரைக் 40 டிகிரி மாறுவது ஏன்?

சேலம் அருகே கஞ்சமலையில் ஒரே பாறையில் காம்பஸ் வைத்து எடுத்த ஸ்ட்ரைக் (சாய்ந்த பாறை அடுக்கின் மேல் போகும் கிடைமட்டக் கோட்டின் திசை) 40 டிகிரி மாறுகிறது என்றால், அந்த அளவுகளை வரைபடத்தில் ஏற்றாதீர்கள். டிப் கோணம் (அடுக்கு கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற அளவு) இருக்கட்டும், அதற்குக் காந்தத்தோடு சம்பந்தமில்லை.

நீங்கள் நிற்பது மேக்னடைட் குவார்ட்சைட் (காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாது கலந்த பாறை) பட்டையின் மேல். பெரும்பாலும் அதுதான் காம்பஸ் முள்ளை இழுக்கிறது. காம்பஸைப் பாறையில் வைத்துப் பாருங்கள், அப்புறம் மெதுவாக நெஞ்சுயரத்துக்குத் தூக்குங்கள். திசை மாறினால் சந்தேகமே வேண்டாம்.

அப்படியானால் காம்பஸை விட்டுவிட்டு, ஒரே பட்டையின் மேல் நூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு ஜிபிஎஸ் புள்ளிகள் எடுத்துக் கோட்டால் இணைத்துவிடுங்கள், அந்தக் கோட்டின் திசைதான் ஸ்ட்ரைக். இரண்டும் ஒரே உயரத்தில் இருப்பது ரொம்ப முக்கியம். சரிவில் ஏற்ற இறக்கமாக எடுத்தால் கிடைக்கும் கோடு ஸ்ட்ரைக் ஆகாது.

ஒன்று மட்டும்: கஞ்சமலையே கிண்ணம்போல் உட்குழிந்த மடிப்பு. மலையைச் சுற்றி வரும்போது ஸ்ட்ரைக் நிஜமாகவே திரும்பும். அதையும் காந்தப் பிழை என்று அடித்துவிடாதீர்கள்.