வளவும் மரமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அம்மா, எங்கள் கிணற்றடியில் ஒரு முருங்கை நிற்கிறது. கூரைக்கு மேலே வளர்ந்துவிட்டது. இலைக்குக் குறைவே இல்லை. பூவும் வருகிறது, ஆனால் எல்லாம் கொட்டிப்போகிறது. இதுவரை ஒரு காய் கண்டதில்லை. குளிக்கிற தண்ணீர் முழுக்க அதன் அடிக்குத்தான் போகிறது. யூரியாவும் போட்டுப் பார்த்தேன். மாமி அடியோடு தறித்துவிடச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, கல்லடி, மட்டக்களப்பு

பதில்: தறிக்க வேண்டாம் மகள். நீங்கள் மரத்தைக் கவனிக்காமல் விடவில்லை, அளவுக்கு மீறிக் கவனித்துவிட்டீர்கள். தண்ணீரும் யூரியாவும் கிடைக்கக் கிடைக்க முருங்கை இலையைத்தான் தள்ளும். அடிமண் எப்போதும் ஈரமாக இருந்தால் வந்த பூவும் நிற்காது. முதல் வேலையாகக் குளிக்கிற தண்ணீரை வாழைப்பக்கம் திருப்பிவிடுங்கள். யூரியாவை நிறுத்துங்கள். வருடத்துக்கு ஒருமுறை, மழை தொடங்கும்போது ஒரு கூடை மக்கிய சாணி எரு போதும். வேர் பிடித்த முருங்கைக்கு நம் கச்சான் என்கிற வறண்ட காற்றும் வெயிலும் ஒரு பொருட்டே இல்லை.

அப்புறம் கத்தி. 'முருங்கையை ஒடித்து வளர்' என்று நம் ஆட்கள் சொல்வது சரியான பேச்சு. (பிள்ளையை அடித்து வளர்க்கச் சொல்லும் மற்றப் பாதியை நான் ஒருநாளும் ஏற்றதில்லை.) நுனி மேலே ஓடிக்கொண்டிருக்கும்வரை பக்கத்து மொட்டுகள் அடங்கியே கிடக்கும். நுனி போனால்தான் அவை கிளம்பும். புரட்டாசிக் கடைசியில், பெரிய மழைக்கு முன்னே, நிலத்திலிருந்து நாலடி உயரத்தில் வெட்டுங்கள். வெட்டு சரிவாக இருக்கட்டும், தண்ணீர் தங்கக்கூடாது. வெட்டுவாயில் பசுஞ்சாணி அப்பிவிடுங்கள். கொஞ்ச நாளில் பட்டையைப் பிளந்துகொண்டு பச்சை முனைகள் கொத்தாக எட்டிப்பார்க்கும். திசைக்கொன்றாக நாலைந்தை மட்டும் விட்டு மிச்சத்தைக் கிள்ளுங்கள். அதுவும் கீரைச் சுண்டலுக்கு ஆகும். விட்ட கிளைகள் இரண்டடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் இன்னும் கிளைக்கும். மழை ஓய்ந்து வெயில் ஏறும்போது பூ வரும், அந்தப் பூ நிற்கும். காயை நிலத்தில் நின்றே பறிக்கலாம், இறாலோடு போட்டுக் கறியாக்கலாம்.

கூரையை எண்ணித்தான் மாமி பயப்படுகிறார் என்றால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. முருங்கை மெத்தென்ற மரம், காற்றுக்கு முறியும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பார் யாரும் உயர்ந்த மரத்தைக் கூரையோடு ஒட்டி விடமாட்டார்கள். நாலடியில் வெட்டிய மரம் காற்றுக்குப் பெரிதாக இடம் கொடுக்காது. பிள்ளைகளை மட்டும் அதில் ஏறவிடாதீர்கள்.

வெட்டிய கிளைகளில் மணிக்கட்டுப் பருமன் உள்ளதை மூன்றடி, நாலடித் துண்டுகளாக்கி, வெட்டுவாய் உலர இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டுவிட்டு நடலாம். நம் மணல் தரையில் ஓரடிக்குமேல் ஆழம் வேண்டும். ஆனால் மார்கழியில் கிணற்றுத் தண்ணீர் கைக்கெட்டும் வளவானால், பாத்தி கட்டாமல் மண்ணை மேடாக்கி அதில் நடுங்கள். தண்ணீர் நாட்கணக்கில் நின்றால் வேர் அழுகிவிடும்.

கேள்வி: மழைக்குப் பிறகு முருங்கையில் மயிர்க்கொட்டிப் புழு நிறைந்துவிட்டது. மருந்து அடிக்கலாமா?
– வாசகர், காரைதீவு

பதில்: இலையும் பூவும் காயும் சாப்பிடுகிற மரம் தம்பி, மருந்து வேண்டாம். இரவில் இலை தின்கிற புழு பகலில் இறங்கி அடிமரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கிடக்கும். தூரத்துக்குப் பட்டை தடித்ததுபோலத்தான் தெரியும். கிட்டப் போனால் மயிர் அசையும். அந்த நேரம் பார்த்து, நீளத் தடியில் துணி சுற்றிப் பந்தம் கொளுத்தி மேலோட்டமாக வாட்டிவிடுங்கள். பட்டை கருகும்வரை பிடிக்கக்கூடாது. கிடுகு வேலியோ ஓலைக்கூரையோ கிட்ட இருந்தால் நெருப்பே வேண்டாம். நீளத் தடியால் சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் தள்ளிவிடுங்கள். மயிர் பட்டால் தோல் தடித்துச் சொறியும், அதனால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.