அகராதியை மூடிவிட்டு மொழிபெயர்க்க வேண்டிய ஆங்கிலம்

கேள்வி: அரபி மொழிபெயர்ப்பு படிக்கிறேன். பயிற்சிக்காக ஒரு தூதரகக் குறிப்பை ஆங்கிலத்திலிருந்து அரபிக்கு மாற்றச் சொன்னார்கள். 'பிரசென்ட்ஸ் இட்ஸ் காம்ப்ளிமென்ட்ஸ்' என்று தொடங்கி 'ஹையஸ்ட் கன்சிடரேஷன்' என்று முடிகிற வழக்கமான கடிதம்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்த்து எழுதினேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை, ஆனால் 'இது அரபியே இல்லை' என்று முழுப் பக்கத்தையும் ஆசிரியர் அடித்துவிட்டார். எங்கே தவறினேன்?

பதில்: அகராதி பார்த்ததுதான் தப்பு. நம் கல்யாணப் பத்திரிகையில் 'நிகழும் மங்களகரமான' என்று ஆரம்பிக்கிறோமே, அதில் யாராவது ஒவ்வொரு சொல்லாகப் பொருள் தேடுவார்களா? அந்த வரி வந்தால் இது பத்திரிகை என்று தெரிகிறது, அதற்கு அவ்வளவுதான் வேலை. தூதரகக் குறிப்பின் முதல் வரியும் கடைசி வரியும் அதே மாதிரிதான். ஆங்கில வரியின் அர்த்தத்தைத் தேடாதீர்கள், அந்த இடத்தில் அரபுக்காரர்கள் காலங்காலமாக எந்த வரியை எழுதி வருகிறார்களோ அதைத் தேடுங்கள்.

'காம்ப்ளிமென்ட்ஸ்' என்பதற்கு அகராதியில் 'முஜாமலாத்' கிடைத்திருக்கும், அதை எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அரபுக் காதில் அது கிட்டத்தட்ட ஒப்புக்குச் சொல்லும் முகஸ்துதி. ஒரு தூதரகம் இன்னொரு நாட்டின் வெளியுறவு அமைச்சகத்துக்கு முகஸ்துதி அனுப்புகிறது என்று எழுதினால் எப்படி இருக்கும்! அங்கே வர வேண்டியது 'துஹ்தீ அத்யப தஹிய்யாத்திஹா'. தன் மிகச் சிறந்த வாழ்த்துகளை அன்பளிப்பாகத் தருகிறது என்று சொல்லலாம். வினைச்சொல்தான் முதலில், அதுவும் பெண்பாலில், ஏனென்றால் தூதரகம் என்கிற 'ஸிஃபாரா', அமைச்சகம் என்கிற 'விஸாரா' இரண்டுமே அரபியில் பெண்பால். அப்புறம் 'ஹேஸ் தி ஆனர் டு இன்ஃபார்ம்' வருமிடத்தில் 'வ ததஷர்ரஃப்', அதாவது பெருமை கொள்கிறது. விசா மறுப்பதற்கும் இதே பெருமைதான், எல்லைத் தகராறுக்கும் இதே பெருமைதான், அதைக் கண்டு கொள்ளாதீர்கள்.

கடைசி வரியில் 'கன்சிடரேஷன்' என்றால் பரிசீலனை இல்லை, மதிப்பு. அரபியில் 'தக்தனிமு ஹாதிஹில் ஃபுர்ஸா' (இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டு) என்று ஆரம்பித்து 'ஃபாயிகித் தக்தீரி வல் இஹ்திராம்' என்று முடிப்பார்கள்: மேலான மதிப்பு, மரியாதை. ஆங்கிலத்தில் ஒரே சொல், அரபியில் இரண்டு. இது கூடுதல் சேர்ப்பு இல்லை, ஒரே பொருளை இரட்டையாகச் சொன்னால்தான் அந்த மொழியில் வாக்கியம் நிறைவாகக் கேட்கும். நமக்கு மட்டும் என்ன, 'மதிப்பும் மரியாதையும்' என்றுதானே சொல்கிறோம்?

இன்னொன்றையும் சரிபாருங்கள். உங்களிடம் இருந்தது 'நோட் வெர்பால்' என்றால் அது முழுக்கப் படர்க்கையில் இருக்கும், முழுக் கையெழுத்து இருக்காது, முத்திரையும் சுருக்கொப்பமும்தான். அரபியிலும் அதற்கு 'முதக்கிரா ஷஃபவிய்யா', வாய்மொழிக் குறிப்பு, என்றே பெயர், எழுத்தில் இருந்தாலும்! தூதர் தன் பெயரில் எழுதும் கடிதம் என்றால் கதை வேறு: 'வ தஃபள்ளலூ பிகபூலி ஃபாயிகில் இஹ்திராம்' (என் மேலான மரியாதையை ஏற்றுக்கொள்ளுங்கள்) என்று எதிராளியை நேராகப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த 'தஃபள்ளலூ' பன்மை. ஒருவரிடம் பேசும்போதும் மரியாதைக்குப் பன்மை, நம் 'நீங்கள்' போல. தமிழ் ஆட்களுக்கு இது மட்டும் சுலபமாகவே வரும்.

கேள்வி: 'ஹிஸ் எக்ஸெலென்ஸி' என்பதற்கு அரபியில் ஒரே சொல் போதுமா?

பதில்: போதாது, இங்கேதான் நிறையப் பேர் வழுக்குவார்கள். தூதருக்கு 'ஸஆதா'. அமைச்சருக்கு 'மஆலீ'. குடியரசுத் தலைவருக்கு 'ஃபகாமா'. ஜோர்டானிலும் லெபனானிலும் பிரதமர் என்றால் 'தவ்லா'. ஆங்கிலத்தில் நாலு பேரும் ஒரே 'எக்ஸெலென்ஸி'யாக வந்து நிற்பார்கள், அந்த ஆள் யார் என்று தெரியாமல் நீங்கள் ஒரு எழுத்துகூட எழுத முடியாது. அமைச்சருக்கு 'ஸஆதா' போட்டால் ஒரு படி இறக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். மாண்புமிகு, மேதகு இரண்டையும் மாற்றிப் போட்டால் நமக்கு உறுத்துமே, அதேதான். மன்னருக்கு 'ஜலாலா' என்பது பொது விதி, ஆனால் சவூதி மன்னருக்கு அதைப் போடக் கூடாது. 1986-இல் மன்னர் ஃபஹத் அந்த அடைமொழியை விட்டுவிட்டு 'இரு புனிதத் தலங்களின் ஊழியர்' என்பதை அதிகாரப்பூர்வமாக எடுத்துக்கொண்டார்.

கேள்வி: சொல்லுக்குச் சொல் போடக் கூடாது என்றால், இஷ்டப்படி எழுதலாமா?

பதில்: ஐயோ, கூடாது. முதலும் கடைசியும்தான் சடங்கு. நடுவில் இருப்பது பேரம், அங்கே ஒரு சொல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. வருத்தம் என்றால் 'அஸஃப்', கவலை என்றால் 'கலக்', ஆழ்ந்த கவலை 'கலக் பாலிக்', கண்டிப்பது 'யுதீனு', வன்மையாகக் கண்டிப்பது 'யுதீனு பி ஷித்தா'. இது ஒரு ஏணி. எத்தனையாவது படியில் நிற்பது என்பதை அந்த நாடு உட்கார்ந்து பேசி முடிவு செய்திருக்கும். உங்கள் நடைக்கு அழகாக இருக்கிறதென்று 'கவலை'யைக் 'கண்டனம்' ஆக்கினால் வெளியுறவுக் கொள்கையையே மாற்றிவிட்டீர்கள்.

தெரிந்த சொல் போல வந்து ஏமாற்றுகிறவையும் உண்டு. 'குட் ஆஃபீசஸ்' என்பதை முதன்முதலாகப் பார்த்தபோது நான் நல்ல அலுவலகங்கள் என்றே எழுதினேன், 'மகாதிப்' போட்டு! அது மூன்றாம் நாடு இடையில் நின்று செய்யும் சமாதான முயற்சி. அரபியில் 'அல் மஸாயில் ஹமீதா', போற்றத்தக்க முயற்சிகள். 'வித்தவுட் பிரெஜுடிஸ்' என்பதில் தப்பெண்ணம் எதுவும் கிடையாது, பாதிப்பு ஏற்படாத வகையில் என்று பொருள், 'தூனல் மஸாஸ்'. பாதுகாப்பு கவுன்சில் தீர்மானங்களின் கடைசி வரியில் வரும் 'ரிமெய்ன் சீஸ்ட் ஆஃப் தி மேட்டர்' என்பதை அகராதிப்படி எழுதினால் விவகாரத்தைப் பறிமுதல் செய்தபடியே இருக்க கவுன்சில் முடிவு செய்கிறது என்று வந்துவிடும். அரபியில் 'கைத நளரிஹி', தன் பார்வையில் வைத்திருக்கிறது.

கேள்வி: ஒப்பந்தங்களில் தமிழர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது எது?

பதில்: 'தி'. தமிழில் அப்படி ஒன்று இல்லாததால் நம் கண் அதைத் தாண்டிப் போய்விடும். 1967 நவம்பர் 22-இல் வந்த பாதுகாப்பு கவுன்சிலின் 242-ஆம் தீர்மானம், போரில் பிடித்த பிரதேசங்களிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்கிறது. ஆங்கிலத்தில் 'டெரிடரிஸ்' முன்னால் 'தி' இல்லை, பிரெஞ்சில் வரும் 'தே' என்ற சொல்லை, 'தி' இருப்பதாகவும் வாசிக்கலாம், இல்லாததாகவும் வாசிக்கலாம். எல்லாப் பிரதேசங்களுமா, சில மட்டுமா என்ற சண்டை இன்றைக்கும் ஓயவில்லை. அரபியில் எழுத உட்கார்ந்தால் 'மின் அராளின்' ('தி' இல்லாமல்), 'மினல் அராளீ' ('தி'யோடு) இரண்டில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும், பக்கம் சாயாமல் தப்பிக்க வழியே கிடையாது. அரபி அப்போது ஐ.நா.வின் அலுவல் மொழியாகவும் இல்லை, 1973-இல்தான் ஆனது.

அடுத்தது இருமை. ஆங்கிலத்தில் 'பார்ட்டீஸ்' என்று பொத்தாம்பொதுவாக இருக்கும். அரபியில் இருவர் என்றால் 'தரஃபானி', மூவரோ அதற்கு மேலோ என்றால் 'அத்ராஃப்'. ஒப்பந்தத்தில் எத்தனை நாடு கையெழுத்துப் போடுகிறது என்று கேட்காமல் பேனாவை எடுக்காதீர்கள். கடைசிப் பக்கத்தையும் முதலிலேயே படித்துவிடுங்கள், எந்த மொழிப் பிரதி செல்லும் என்பது அங்கேதான் இருக்கும். 1979 மார்ச் 26-இல் வாஷிங்டனில் கையெழுத்தான எகிப்து–இஸ்ரேல் ஒப்பந்தத்தில் ஆங்கிலம், அரபி, ஹீப்ரு மூன்றும் சமம் என்று எழுதிவிட்டு, பொருள் மாறுபட்டால் ஆங்கிலமே செல்லும் என்று அடுத்த வரியிலேயே போட்டிருக்கிறார்கள்.

கேள்வி: ஏப்ரல் மாதத்தை எப்படி எழுதுவது? இரண்டு பெயர் பார்க்கிறேன்.

பதில்: சிரியா, ஈராக் பக்கம் 'நீசான்', எகிப்தில் 'அப்ரீல்', துனிசியாவில் 'அஃப்ரீல்'. ஒரு நாட்டுக்குப் போகிற கடிதம் என்றால் அந்த நாட்டுப் பெயர். ஐ.நா. ஆவணம் என்றால் நடுவில் சாய்கோடு போட்டு 'நீசான்/அப்ரீல்' என்று இரண்டையும் எழுதுவார்கள்.